பந்து எறியாத கோச்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், கம்பெனி மேஸ்திரிக்குப் பயம், ரயில் தண்டவாளத்தைத் தாண்டுவதற்குப் பயம். ஜங்ஷன் உள்ள ஊரில் பிறந்துவிட்டுத் தண்டவாளத்துக்குப் பயந்தால் எங்கே போய் என்ன வேலை பார்ப்பது என்று என் மனைவி கேட்பாள். இப்படிப்பட்ட நான் ஒரு டீமுக்குக் கோல்கீப்பராக நின்றேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாததைக் காட்டிய பிறகு கொஞ்சம் நம்புகிறார்கள்.

அறுபதுகளின் பின்பாதி அது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் நான் மோல்டுக்குள் களிமண் கூழ் ஊற்றி ஊறுகாய் ஜாடி எடுக்கும் வேலையில் இருந்தேன். இருபத்து நாலு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனைவிக்கு மூன்றாவது மாதம்.

ஊருக்கு ஓர் அமெரிக்கக்காரர் வந்திருக்கிறார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் அரசாங்கம் இளவயதுக்காரர்களை இரண்டு வருஷத்துக்கு நம் நாட்டுக்கு அனுப்பிவைக்கும். சிலர் கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், சிலர் கிணறு வெட்ட வந்தார்கள். இவர் வந்தது விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க. தன் நாட்டு டீமில் ஆடி, பிறகு கோச் ஆனவராம். ஹேண்ட்பால் என்று அவர் சொன்னதைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கைப்பந்து என்று எடுத்துக்கொண்டு, ஆள் வைத்து வாலிபால் வலையைக் கட்டிக்கொடுத்துவிட்டார். அமெரிக்கக்காரர் அந்த வலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம். பிறகு ஒரு குச்சியை எடுத்துத் தரையில் தன் ஆட்டத்தை வரைந்து காட்டினாராம். அதைப் பார்த்த தலைமையாசிரியர், "இது ஃபுட்பாலைக் கையால ஆடுற மாதிரி இருக்குதே, அது ஃபவுல் ஆச்சேங்க" என்று சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை நெருங்கியதும் பையன்கள் வருவது நின்றுபோனது. அவர் இடம் தேடிக்கொண்டு எங்கள் கம்பெனிக்கு வந்தார். கம்பெனிக்குப் பின்னால், உடைந்த பீங்கான் கொட்டும் மேட்டைத் தாண்டி, பெரிய காலி மனை ஒன்று இருந்தது. முதலாளி சந்தோஷமாக ஒத்துக்கொண்டு, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு வேலையாகக் காட்டினார்.

அப்போது ஒருவர் பலகையில் ஜாடிகளை வரிசையாக அடுக்கித் தோளில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். ஒரு ஜாடி சரிந்தது. நான் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, அது தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது பிடித்துவிட்டேன். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. மேஸ்திரி பக்கத்தில் நின்றிருந்தார், ஜாடி உடைந்தால் வசவு எனக்கும் சேர்த்துத்தான் விழும். அந்தப் பயத்தில் கை தானாகப் போனது.

அமெரிக்கக்காரர் அப்படியே நின்றுவிட்டார். என் கையைப் பார்த்தார்.

"தயவுசெய்து இன்னொரு முறை செய்யுங்கள்" என்றார்.

மேஸ்திரி முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அவர் பேசிய தமிழ் அப்படித்தான் இருக்கும். இங்கே வருவதற்கு முன் அவர்களுக்குப் புத்தகத் தமிழில் பாடம் நடத்தியிருந்தார்கள். யாராக இருந்தாலும் நீங்கள் என்பார். தெருவில் குறுக்கே படுத்த மாட்டிடம்கூட "எழுந்திருங்கள்" என்றுதான் சொல்வார். ஊரில் எல்லோரும் அவரைத் தொரை என்றார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் துரை அல்ல. என் அப்பா ரொட்டி சுடுகிறார்" என்று ஒவ்வொருவரிடமும் விளக்குவார். அதைக் கேட்டுவிட்டு, "சரிங்க தொரை" என்பார்கள். நல்ல உயரம், வெயிலில் சிவந்துபோன கழுத்து. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் ஆட்டம். கம்பெனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். சவுக்குக் கட்டையில் கோல்போஸ்ட் நட்டோம். கடலூர் துறைமுகத்திலிருந்து கிழிந்த மீன்வலை வாங்கி வந்து கட்டினோம். கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம், வீணாய்ப் போன வெள்ளைக் களிமண் கூழே போதும். பந்து ஃபுட்பாலைவிடச் சின்னது, ஒரு கைக்குள் அடங்கும். பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிதான் ஓடலாம். கோலுக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கோடு உண்டு. அந்த வட்டத்துக்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் காலை வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பிக் குதித்து, காலூன்றுவதற்குள் எறியலாம். அதாவது எறிகிறவன் அந்தரத்தில் கோல்கீப்பரின் முகத்துக்கு நேராகப் பறந்து வருவான். கோல்கீப்பரிடம் மட்டை கிடையாது, கவசம் கிடையாது. இரண்டு கை, இரண்டு கால், முகம்.

அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்.

"எனக்கு வேணாங்க. பயமா இருக்குதுங்க" என்று நேராகவே சொன்னேன்.

"நல்லது" என்றார். "பயம் உங்களுடைய கையை வேகமாக்குகிறது. நான் பார்த்தேன்."

முதல் மாதம் எனக்குத் தூக்கமே சரியாக இல்லை. மதியம் சாப்பாடு இறங்காது. நாலு மணி சங்கு ஊதினாலும் மோல்டுகளைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். எங்களில் நன்றாக எறிந்தவர் சூளையில் ஜாடி அடுக்கும் ஒருவர். மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். இடதுகைக்காரர். அவர் எம்பும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். பந்து தொடையில் பட்டு ஊதா நிறத்தில் கன்றிப்போகும். வீட்டில் அதை மறைக்க வேட்டியை இறக்கிக் கட்டிக்கொள்வேன்.

மனைவி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, என்னாங்க இது? யாராவது அடிச்சாங்களா?"

"பந்து பட்டுச்சி."

"பந்துதான? கண்ணுல பட்டா என்னாங்க பண்றது? புள்ள பொறக்கப் போவுது, உங்களுக்குப் பந்து கேக்குதா?"

நியாயமான கேள்விதான். மறுநாள் அமெரிக்கக்காரரிடம் சொல்லி ஆட்டத்திலிருந்து நின்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஆனால் அதைச் சொல்லவும் பயமாக இருந்தது. ஆகவே தொடர்ந்து போனேன். என் வாழ்க்கையில் நான் விடாமல் செய்த காரியங்கள் பலவும் இப்படி நடந்தவைதான்.

அவர் சொல்லிக்கொடுத்த விதத்தில் ஒரு விசேஷம் இருந்தது. அவர் பந்தை எறியவே மாட்டார். பாய்க்கு எறியக் கற்றுக்கொடுக்கும்போது வெறும் கையை மடக்கி, இடுப்பைத் திருப்பி, முழங்கையை உயர்த்தி, விரலை உதறிக் காட்டுவார். அந்தக் கை காற்றில் வரும் வேகத்தைப் பார்த்தாலே பந்து இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியும். பந்து உருண்டு அவர் காலடிக்கு வந்தால் குனிந்து எடுத்து, பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுப்பார். கேட்டால் வலது தோளைத் தொட்டுக்காட்டி, "உடைந்துவிட்டது" என்பார். அதனால்தான் ஆடுவதை விட்டுக் கோச் ஆனார் என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மணிமுத்தாற்றில் குளிக்கப் போனேன். ஆற்றில் தண்ணீர் குறைவு, அகலமாக மணல் கிடந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கக்காரர் தனியாக நின்றிருந்தார். கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மூன்று அடி ஓடி வீசினார். கல் ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரை மணலையும் தாண்டி, நாணல் புதருக்குள் போய் விழுந்தது. இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் வலது கையால்.

நான் துண்டைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். பெரிய குற்றம் எதையோ பார்த்துவிட்டது போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொல்கிற வெள்ளைக்காரர் ஒருவர் நம்மை ஏன் இப்படி வாட்டி எடுக்கிறார், இவர் உண்மையில் யார் என்றெல்லாம் மனசு போனது.

நாலு மாதம் கழித்து மேட்ச் ஒன்று ஏற்பாடானது. சேலம் பக்கம் இவரைப் போலவே வந்திருந்த இன்னோர் அமெரிக்கக்காரர், அங்கே ஒரு மில்லில் டீம் வைத்திருந்தார். அவர்கள் ரயிலேறி இங்கே வருவதாகப் பேச்சு. அவர்களுக்கு முன்னால் அவர்களைப் பற்றிய செய்திகள் வந்து சேர்ந்துவிட்டன. ஜங்ஷன் ஊரில் அது ஒரு தொல்லை. அந்த டீமில் நெட்டையான ஓர் ஆள் இருக்கிறானாம், அவன் எறிந்த பந்தில் ஒரு கோல்கீப்பரின் மணிக்கட்டு முறிந்ததாம். அடுத்த வாரம் அது இரண்டு மணிக்கட்டு ஆனது. அதற்கடுத்த வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒருவர், அந்தக் கோல்கீப்பர் படுத்த படுக்கையாக இருப்பதாகச் சொன்னார்.

பாய் எறிவது எனக்கு ஓரளவு பழகிவிட்டது. அந்த நெட்டையான ஆளின் வேகம் எனக்குத் தெரியாது. தெரியாத வேகத்தை முதன்முதலில் மேட்சில்தான் பார்க்கப் போகிறேன். கடைசியில் பயம் தாங்காமல் ஒருநாள் அமெரிக்கக்காரரிடம் போனேன். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர் பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எறிங்க. அந்தாளு வேகம் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியணும்."

"முடியாது. தோள்."

"உங்க தோளு நல்லாத்தான் இருக்குது. ஆத்துல பாத்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் முகம் வெளுத்துப்போனது. கோபப்படுவார் என்று ஓரடி பின்னால் போனேன். அவர் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, உடைந்த பீங்கான் மேட்டின் ஓரமாக உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் அன்று அவர் சொன்னதை, எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அவர் அப்பா ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர். இந்த ஆட்டம் அங்கே அமெரிக்கர்களுக்கே தெரியாது. கப்பலேறி வந்த ஜெர்மன்காரர்கள் வாராவாரம் ஒரு பழைய கட்டடத்துக்குள் ஆடுவார்கள். இவரும் சின்ன வயதிலேயே அவர்களோடு ஆட ஆரம்பித்து, இருபது வயதில் நாட்டு டீமுக்குப் போனார். வெளிநாடுகளுக்குப் போய் ஆடினார்கள், பெரும்பாலும் தோற்றார்கள். ஆனால் இவர் எறியும் வேகத்துக்கு எல்லா இடத்திலும் பேர் இருந்தது. அந்த டீமின் கோல்கீப்பர் இவருடைய நெருங்கிய சிநேகிதர். ஒரே அறையில் தங்கியவர்கள். ஒரு நாள் பயிற்சியில், பெனால்ட்டி மாதிரி ஏழு மீட்டர் தூரத்திலிருந்து, இவர் எறிந்த பந்து நேராக அந்தச் சிநேகிதரின் இடது கண்ணில் பட்டது. அந்தக் கண் பிழைக்கவில்லை.

"அவன் என்னைத் திட்டவில்லை" என்றார். "அது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது."

அதற்குப் பிறகும் மூன்று மேட்ச் ஆடியிருக்கிறார். எறிந்த பந்தெல்லாம் கோலுக்கு வெளியே போனது. கை தானாகவே வெளியே எறிந்தது என்றார். தோள் போய்விட்டது என்று சொல்லி விலகிக்கொண்டார். யாரும் சந்தேகப்படவில்லை, அவரை ஒரு டீமுக்குக் கோச்சாகப் போட்டார்கள். கோச் எறியத் தேவையில்லை. விசிலோடு ஓரத்தில் நின்றால் போதும். அவர் சொல்லிக்கொடுத்த டீம் ஜெயித்தது. ஆட்டக்காரனைவிடக் கோச்சாக இவர் பெரிய ஆள் என்று பேசிக்கொண்டார்களாம். ஆனால் கோல்கீப்பரைத் தயார் செய்யும் நேரம் வந்தால், வேறு யாரையாவது எறியச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அந்தச் சிநேகிதரைப் போய்ப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். இந்தியாவுக்குப் போகிறாயா என்று அரசாங்கம் கேட்டபோது, அங்கே யாருக்கும் இந்த ஆட்டம் தெரியாது, யாரும் வேகமாக எறிய மாட்டார்கள் என்று நினைத்துக் கிளம்பி வந்துவிட்டார்.

"அப்பறம் ஏன் கோல்கீப்பர் வேலைய எனக்குக் குடுத்தீங்க?"

"உங்களைப் பார்த்தால் எனக்குப் பயம்" என்றார். "கோல்கீப்பர் யாராக இருந்தாலும் பயம். நீங்கள்தான் குறைவாக அடிபடுவீர்கள் என்று நினைத்தேன்."

என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. "எனக்கும்தாங்க பயம். நாளைக்கி மெதுவா ஒன்னு எறிங்களேன்" என்றேன்.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் அவர் பந்தைக் கையில் எடுத்தார். எல்லோரும் ஓரமாகப் போய் நின்றார்கள். முதல் பந்து பிள்ளைக்கு எறிவது போல வந்தது. பத்தாவது பந்து பாயின் வேகத்துக்கு வந்தது. அவர் சட்டை முழுக்க வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் எறிவதற்கு முன், "தயாரா?" என்று கேட்பார். நான் ஆமாம் என்பேன், அவரும் தானும் தயார் என்பது போலத் தலையாட்டுவார். இருவரும் பொய்தான் சொன்னோம்.

அவர் எறிந்ததில் நாலைந்து பந்தைத் தடுத்தேன். ஒன்றைப் பிடித்தும் விட்டேன். பாய் கைதட்டினார். எனக்கே என் மேல் ஒரு நினைப்பு வந்துவிட்டது. "இன்னும் வேகமா எறிங்க" என்று கத்தினேன். அவர் மூன்று அடி ஓடினார். எம்பினார். அவர் கை பின்னால் போனது வரைக்கும் எனக்குத் தெரியும்.

பிறகு நான் மல்லாந்து கிடந்தேன். வாய் நிறைய உப்பு. வலது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. தலைக்கு மேலே பாயின் முகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால், அரைவட்டக் கோட்டுக்கு வெளியே, அமெரிக்கக்காரர் எறிந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கையை இறக்கவே இல்லை. அப்புறம் திரும்பி நடந்தார். நடந்துகொண்டே போய்விட்டார்.

பாய் என்னைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து, இன்னொருவர் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். பல் ஒன்று வேரோடு போயிருந்தது. டாக்டர் கண்ணைப் பிரித்துப் பார்க்க முயன்றார். வீக்கத்தில் இமை பிரியவில்லை.

"வீக்கம் எறங்கட்டும். மூணு நாள் கட்டோட இருங்க. அப்பறம் பாத்துத்தான் சொல்ல முடியும்" என்றார்.

அந்த மூன்று நாளை எப்படி எழுதுவது? என் மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. பழமலைநாதர் கோயிலுக்குப் போய் வந்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். அவள் திட்டாதது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. அமெரிக்கக்காரர் சொன்ன கதை தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சிநேகிதருக்கு இடது கண், எனக்கு வலது கண். பிறக்கப் போகும் பிள்ளையின் முகத்தை ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். ஒற்றைக் கண்ணோடு கூழ் ஊற்றினால் மோல்டுக்கு வெளியே போகுமா, மேஸ்திரி வைத்துக்கொள்வாரா என்று நினைத்தேன். கட்டுக்குள்ளேயே இமையைத் திறந்து பார்க்கலாம் என்று ஒவ்வொரு மணிக்கும் தோன்றும். திறந்தும் இருட்டாக இருந்தால்? திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகலாம் போகலாம் என்று மத்தியானம் வரை தள்ளிப்போட்டேன். அப்போது பாய் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, தொரை ஸ்டேசன்ல பொட்டியோட குந்தியிருக்காரு. மெட்ராஸ் வண்டிக்கிப் போறாராம். அங்கேர்ந்து ஊருக்கே போயிடப் போறாரு போலருக்குது."

"நம்ம வூட்டுப் பக்கமே வர்லியே அவரு" என்றாள் மனைவி.

"எப்பிடிம்மா வருவாரு? மூணு நாளா சோறு திங்கலன்னு அவரு வாடகைக்கி இருக்கிற வூட்டு அம்மா சொல்லுது."

நான் எழுந்து சட்டையை மாட்டினேன். எதற்காகக் கிளம்பினேன் என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அவர் மேல் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக, இந்த விஷயத்தில் என்னளவு பயந்த இன்னொரு மனிதர் ஊரில் அவர் ஒருவர்தான் என்ற எண்ணம் இருந்தது.

ஸ்டேஷனில் அவர் பிளாட்பாரத்தின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்தே பேசினார்.

"என்னை மன்னியுங்கள். நான் மீண்டும் செய்துவிட்டேன்."

"நான்தான எறியச் சொன்னேன்."

"அவனும் அப்படித்தான் சொன்னான்."

வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பாய் தள்ளி நின்றுகொண்டார். அமெரிக்கக்காரர் கேட்டார்: "கண் தெரிகிறதா?"

"தெரியாதுங்க. நான் இன்னும் கட்டப் பிரிக்கல."

"ஏன்?"

"பயமா இருக்குதுங்க."

அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்து, தாடி முளைத்து, பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

"நீங்களே பிரிங்க" என்றேன்.

"என்னால் முடியாது."

"என்னாலயும் முடியல. டாக்டர் பிரிச்சாலும் நான் கண்ணத் தொறக்க மாட்டேன். நீங்க இருந்தீங்கன்னா தொறப்பேன்."

அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பின்னந்தலையில் முடிச்சை அவிழ்க்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. துணி ஒவ்வொரு சுற்றாக வந்தது. கடைசியில் பஞ்சு இமையோடு ஒட்டியிருந்தது. பாய் ஓடிப்போய்க் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து நனைத்தார். பஞ்சு வந்துவிட்டது. நான் இமையை இறுக மூடியபடியே இருந்தேன். தூரத்தில் எஞ்சின் ஊதிய சத்தம் கேட்டது.

"திறங்கள்" என்றார்.

திறந்தேன். முதலில் ஒரே வெள்ளை. பால் ஊற்றிய மாதிரி. அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அந்த வெள்ளையில் ஒரு மடிப்பு தெரிந்தது. பிறகு ஒரு பட்டன். அவருடைய சட்டை அது. முகத்துக்கு மிக அருகில் நின்றிருந்தார்.

"சட்ட தெரியுது" என்றேன்.

அவர் பின்னால் போய், விரலை நீட்டினார். "எத்தனை?"

"மூணு."

இன்னும் பின்னால் போனார். "இப்போது?"

"அஞ்சு. ஒன்ன மடக்கினீங்க, நாலு."

அவர் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பெரிய மனிதர் ஒருவர், அதுவும் வெள்ளைக்காரர், அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வண்டி வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், எங்களைச் சுற்றிப் போனார்கள். மங்கலம்பேட்டைப் பாய் அவர் பெட்டியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இது ஏறாது, இது ஏறாது" என்று போர்ட்டரை விரட்டிக்கொண்டிருந்தார். வண்டி போய்விட்டது.

அன்று எங்கள் வீட்டில்தான் அவர் சாப்பிட்டார். என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே அவரிடம் சொன்னாள்: "கண்ணு தப்பிச்சிது, போவட்டும். பல்லுக்கு நான் என்னா பண்றது சொல்லுங்க?" அவர் அதற்கு எழுந்து நின்று, "மன்னியுங்கள் அம்மா" என்றார். அவள் சிரித்துவிட்டாள். நாலு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மேட்ச் இரண்டு மாதம் தள்ளிப்போய் நடந்தது. அதற்குள் அவர் மறுபடி எறிய ஆரம்பித்திருந்தார். ஆனால் நெஞ்சுக்குக் கீழேதான் எறிவார். சேலத்து ஆட்கள் காலை வண்டியில் வந்தார்கள். நெட்டையான ஆள் ஒட்டடைக் கம்பு மாதிரி இருந்தான். கம்பெனியில் பாதிப் பேர் பார்க்க வந்திருந்தார்கள். அவனுடைய முதல் பந்து வலையில் விழுந்த பிறகுதான் அவன் எறிந்தான் என்றே எனக்குத் தெரிந்தது. ஓடிவிடலாமா என்று பக்கவாட்டில் பார்த்தேன். அங்கே கூட்டம் வழியை அடைத்து நின்றது.

பதினெட்டுக்கு ஏழு என்று தோற்றோம். நான் ஒரு பத்துப் பந்தாவது தடுத்திருப்பேன். நெட்டை எறிந்த பெனால்ட்டி ஒன்றும் அதில் உண்டு. என் முழங்காலில் பட்டு வெளியே போனது. அதைத் தடுத்தேன் என்று சொல்வதைவிட, அது என்மேல் பட்டது என்று சொல்வதுதான் சரி. நெட்டை எறியும்போதெல்லாம் அமெரிக்கக்காரர் சூளைப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றார் என்று பாய் பிறகு சொன்னார். ஆட்டம் முடிந்ததும் நெட்டை என்னிடம் வந்து, "அண்ணே, ரெண்டு தடவ மூஞ்சிக்கி நேரா வந்துடுச்சி, மனசுல வச்சிக்காதீங்க" என்றான். மணிக்கட்டு முறிந்த கதையைக் கேட்டேன். அது யார் கட்டிவிட்ட கதையோ, தனக்குத் தெரியாது என்றான்.

அமெரிக்கக்காரர் அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விட்டார். அதற்குள் எனக்குப் பெண் பிறந்திருந்தாள். அவர் அவளைத் தூக்கப் பயந்து, தொட்டிலை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

எழுபதுகளில் இந்த ஆட்டம் பள்ளிக்கூடங்களுக்கு மெல்ல வந்தது. எங்கள் பக்கத்தில் அதன் விதிகள் தெரிந்தவர்கள் கம்பெனிக்காரர்கள் நாங்கள் சிலர்தான். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வந்து கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்கப் போனேன், விசிலோடு. பந்தடி வாங்குகிற இடத்தைவிட, அதை இன்னொருவர் வாங்க ஓரத்தில் நின்று பார்க்கிற இடம் எவ்வளவு பொல்லாதது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை நெஞ்சில் பந்து பட்டு, மூச்சு நின்றுபோய் விழுந்தாள். நிமிஷத்தில் எழுந்துவிட்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. என்னால்தான் எழ முடியவில்லை. அன்று ஆசிரியர் ஒருவரை வைத்து அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினேன். இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள், எனக்கு விட்டுவிடலாம் போல இருக்கிறது என்று கேட்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆசிரியர் அதைத் தமிழில் எழுதிக்கொடுத்தார். அவர் அங்கே ஒரு கல்லூரியில் பெண்கள் டீமுக்குக் கோச்சாக இருந்தார். பயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஊருக்குப் போன முதல் மாதமே அந்தச் சிநேகிதரைத் தேடிப் போனதை எழுதியிருந்தார். கதவைத் திறந்ததும் சிநேகிதர் கேட்டாராம், இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று. கண்ணைப் பற்றிப் பேசவில்லையாம். இப்போது வாரம் ஒரு நாள் அந்தச் சிநேகிதர் கல்லூரி மைதானத்துக்கு வந்து கோல்கீப்பர் பெண்களுக்குக் கால் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறாராம். எறிவது இவர்தானாம்.

அந்தக் கடிதத்தைச் சூளைப் பக்கம் எடுத்துப்போய்ப் பாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவர் கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"ரெண்டு பேரையும் ஒரு நடை இங்க வந்துட்டுப் போவச் சொல்லி எழுது. நம்ம வூட்ல பிரியாணி ஆக்கச் சொல்றேன்" என்றார்.

எழுதினேன். அவர்கள் வரவில்லை. பாயும் சில வருஷத்தில் வளைகுடாவுக்குப் போய்விட்டார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து போய்வந்தேன். நாலாவது வருஷம் நான் சொல்லிக்கொடுத்த பெண்கள் கடலூரில் ஒரு மேட்ச் ஜெயித்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் மெதுவாக ஓட்ட வேண்டுமே என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.